லண்டனில் ஒரு ராமசாமி

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பே கடல் கடந்து புகழ் பெற்ற வித்தைக்காரர், தென்னிந்தியரான ராமசாமி. ஆங்கிலேயர் அவரை 'ராமோ சாமி' என்றார்கள். லண்டனில் பேர் எடுத்தவர், 1819இல் அமெரிக்காவிலும் வித்தை காட்டினார்.

வாளை விழுங்குவார். மணிகளையும் குதிரை முடியையும் வாயில் போட்டு, கோத்த சரமாக வெளியே இழுப்பார். அக்காலத்தில் லண்டனில் இந்திய வித்தைக்காரர் நான்கு பந்துகளைத் தூக்கிப்போட்டுப் பிடித்ததைப் பார்த்த எழுத்தாளர் வில்லியம் ஹாஸ்லிட், தன் எழுத்தில் இந்தத் தேர்ச்சி இல்லையே என்று வெட்கப்பட்டு 1821இல் கட்டுரையே எழுதினார்.

அத்தனை புகழ் இருந்தும், 1850இல் லண்டனில் ராமசாமி இறந்தபோது அடக்கச் செலவுக்குப் பணமில்லை. அவர் மனைவி பத்திரிகை வழியாக உதவி கேட்டார்.

கைதட்டலால் வயிறு நிறையாது. நம் ஊர்த் திருவிழாவில் வித்தைக்காரர் துண்டு விரித்தால், பார்த்துவிட்டு நழுவாமல் பத்து ரூபாயாவது போடுவோம்.