மணவுறவின்றிப் பிறந்த பிள்ளைகளும் ஈழநாட்டுச் சட்டமும்

துறைமுகப் பட்டினங்களிலே கப்பலோடு வந்தோர் பலர் கப்பலோடு சென்றனர். அவர்தம் பிள்ளைகளுட் சிலரோ தாயரோடு கரையில் நின்றனர். அத்தகைய பிள்ளைகளுக்குச் சட்டம் யாது வழங்கிற்று என்பதைத் திருக்கோணமலை, கப்பல்துறைப் பகுதியினின்று ஆராய்தல் பொருத்தமாகும். தேசவழமை வடமாகாணத் தமிழர்க்கே உரியது. ஆதலின் கிழக்கு மாகாணத்து இப்பகுதியின் தமிழரைப் பொதுச் சட்டமே ஆளுகின்றது.

1795இல் திருக்கோணமலையை ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1799 செப்டெம்பர் 23ஆம் நாட் பிரகடனம் ஒல்லாந்தர் காலத்துச் சட்டங்களை நிலைக்கச் செய்தது. இவ்வாறு நிலைத்த உரோமன் ஒல்லாந்துச் சட்டம், தாய்க்கு எப்பிள்ளையும் முறைகேடான பிள்ளை அன்று என்னும் கொள்கையை உடையது. எனினும் தந்தையிடத்து அது அவ்வாறு கருதவில்லை. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மணவுறவின்றிப் பிறந்த பிள்ளை மரணசாதனம் எழுதாது இறந்த தாயின் சொத்தைப் பெறும். தந்தையின் சொத்தையோ தாயின் உறவினர் சொத்தையோ பெறாது என விதித்தது. எனவே தாயின் காணி கிடைப்பினும், பேத்தியின் காணி கிடையாது.

சோற்றுக்குரிய உரிமை வேறு வழியாக வந்தது. 1889ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தாபரிப்புக் கட்டளைச் சட்டம் இப்பிள்ளையையும் தாபரிக்கும் கடனைத் தந்தைமேற் சுமத்திற்று. ஆயினும் பிறந்து பன்னிரண்டு மாதத்துள் தாய் விண்ணப்பித்தல் வேண்டும். அன்றேல் அக்காலத்துள் தந்தை பொருளுதவி செய்தமையை நிறுவுதல் வேண்டும். அவள் கூற்றுக்குப் பிறிதொரு சான்றின் துணையும் வேண்டப்பட்டது. ஆளில்லாத் துறையிலே அச்சான்றுக்கு ஏழைத்தாய் எங்குச் செல்வாள்? 1951ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும், தாயும் தன்னைத் தந்தையென ஏற்றுக்கொள்வோனும் கூடி வேண்டினாலன்றித் தந்தை பெயரைப் பதிய இடந்தரவில்லை.

1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் பழைய கட்டளைச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. கடனைத் தாய் தந்தை இருவர்க்கும் பொதுவாக்கி, நீதவான் ஏற்கத்தக்க வலிய சான்றால் பெற்றோர் யாரென நிறுவப்படுதல் வேண்டும் என்றது. ஆயினும் அது தாபரிப்புக்கு மாத்திரமே உரிய சட்டம். முதுசவுரிமையை அது தொடவில்லை.

உரோமன் ஒல்லாந்துச் சட்டத்தையே தழுவிய தென்னாபிரிக்காவோ, 1987ஆம் ஆண்டின் 81ஆம் இலக்கச் சட்டத்தால், மணவுறவின்றிப் பிறந்தமை முதுசம் பெறுதற்குத் தடையாகாது என விதித்தது. பழைய வேர் ஒன்றாயினும் சீர்திருத்தம் இயலும் என்பதற்கு இது சான்றாகும்.

தந்தையை அறிந்து அவனிடம் உணவுக்குப் பொருள் பெற்றுத்தரும் சட்டம், அவன் இறந்த பின்னர் அவனை அறியாதது போலாதல் நெறியன்று. பிறப்பின் முறையைத் தெரிந்துகொள்ளப் பிள்ளைக்கு உரிமையில்லை. அதன் பயனை மாத்திரம் அது சுமத்தல் எவ்வாறு நீதியாகும்?