சஸ்திர சிகிச்சைக்குப் பின் பிராணவாயுக் குறைவு

சஸ்திர சிகிச்சை முடிந்து மயக்கம் தெளியும் வேளையிலோ, அதையடுத்த சில தினங்களிலோ, நோயாளியின் தமனி ரத்தத்தில் பிராணவாயு இருக்கவேண்டிய அளவுக்குக் கீழே தாழ்ந்துவிடுவதுண்டு. அதன் அழுத்தம் சாதாரணமாக 80 முதல் 100 மில்லிமீட்டர் பாதரச அளவில் நிற்கும். 60-க்குக் கீழே இறங்கினால், அதாவது ஹீமோகுளோபினில் பிராணவாயுச் செறிவு சுமார் 90 சதவீதத்துக்குக் குறைந்தால், தாமதமின்றிப் பரிகாரம் தேடவேண்டும்.

காரணங்கள்: மயக்கத்தில் மல்லாந்து கிடப்பவரின் உதரவிதானம் மேலேறுவதால் சுவாசகோசங்களின் அடிப்பாகத்துச் சிற்றறைகள் காற்றின்றிச் சுருங்கிப்போக, அவ்விடத்து ரத்தம் பிராணவாயுவைப் பெறாமலே இருதயத்துக்குத் திரும்புவது பிரதான காரணமாகும். மேல்வயிற்றிலோ மார்பிலோ காயம் உள்ளவர், வேதனைக்கு அஞ்சி ஆழ்ந்து மூச்சிழுக்கவும் இருமவும் தயங்குவதால் இந்நிலை நீடிக்கிறது. நாக்கு பின்சரிந்து சுவாச மார்க்கத்தை அடைப்பது, மார்பின் முதலிய மருந்துகள் சுவாசத்தை மந்தப்படுத்துவது, தசைகளைத் தளர்த்தும் மருந்தின் சேஷம் நீங்காதிருப்பது ஆகியவை முதல் சில மணி நேரத்துக்குரியவை. நிமோனியாவும், கால் நாளங்களில் உறைந்த ரத்தக்கட்டி சுவாசகோசத்தை அடைவதும் பெரும்பாலும் பின்னர் நேர்பவை.

நிர்ணயம்: உதடும் நகமும் நீலம் பாரிப்பதை மாத்திரம் நம்பலாகாது, ரத்தசோகை உள்ளவரிடம் அது தோன்றாமலே போகலாம். ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1974-இல் வெளியிட்ட தத்துவத்தில் உருவான பல்ஸ் ஆக்ஸிமீட்டர், விரல் நுனியில் ஒளியைச் செலுத்தியே செறிவை அறிவிக்கிறது. எனினும் கை குளிர்ந்திருந்தாலும், ரத்தவோட்டம் நலிந்திருந்தாலும், நகச்சாயம் பூசியிருந்தாலும் அது பிழைபடக்கூடும். சந்தேகம் எழுந்தால் தமனி ரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் அவசியம்.

சிகிச்சை: முதற்கண் தாடையை முன்னே உயர்த்திச் சுவாச மார்க்கத்தைத் திறந்து, பிராணவாயு அளித்து, இயன்றால் தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்கவைக்கவேண்டும். அதன்பின் மார்பினின் விளைவுக்கு நலோக்ஸோனும், தசைத் தளர்ச்சிக்கு நியோஸ்டிக்மினும், சுருங்கிய சிற்றறைகளுக்கு வேதனை தணித்தலும் ஆழ்ந்த சுவாசப் பயிற்சியும் சீக்கிரமே எழுந்து நடமாடுதலும், ரத்தக்கட்டிக்கு ஹெபாரினும் எனக் காரணத்துக்கேற்பப் பரிகாரம் வேறுபடும். இவற்றால் தேறாதவருக்குச் செயற்கைச் சுவாசம் தேவையாகும்.

பிராணவாயு பெறும் நோயாளியின் சுவாசம் மிக மந்தமாகி, கரியமிலவாயு ரத்தத்தில் தேங்கிக்கொண்டிருக்கும்போதும் கருவி நல்ல எண்ணையே காட்டக்கூடும்; ஆதலால் நிமிஷத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்று எண்ணிக் குறிக்கும் பழைய வழக்கம் இன்றும் கைவிடத்தக்கதன்று.