கொம்பேறி மூக்கன் சுடுகாடு வரை வருமா? பாம்பு பத்தி வீட்ல சொல்ற கதைகளில் எது உண்மை, எது ஆபத்து?

"ராத்திரியில பாம்புன்னு பேரைச் சொல்லாதே, பூச்சின்னு சொல்லு." "விசில் அடிக்காதே, பாம்பு வந்துடும்." "அடிச்சா முழுசா அடி, பாதியில விட்டா பழி வாங்கும்." தமிழ்நாட்டில் இந்த மூன்றில் ஒன்றையாவது கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. இப்படிப்பட்ட நம்பிக்கைகளில் பலவற்றால் நமக்குப் பெரிய தீங்கில்லை. ஆனால் ஒன்றிரண்டு உயிரையே எடுத்துவிடும்.

முதலில் பெயர். பேரைச் சொல்லத் தயங்கும் இந்தப் பழக்கம் தமிழுக்குப் புதிதல்ல. கறுப்பு ஆட்டை 'வெள்ளாடு' என்றும், சுடுகாட்டை 'நன்காடு' என்றும் சொல்வதை இலக்கணத்தில் மங்கல வழக்கு என்பார்கள். கொடிய விஷம் உள்ள ஒரு பாம்புக்கு 'நல்ல பாம்பு' என்று பேர் வைத்ததும் அந்தக் கணக்கில்தான்.

பழிவாங்கும் கதை என்றால் உடனே 1979-ல் வந்த 'நீயா?' படம் ஞாபகம் வரும். உண்மையில் பாம்புக்கு ஆளை அடையாளம் வைத்துத் தேடிவரும் அளவுக்கு நினைவாற்றல் கிடையாது. புற்றில் ஊற்றும் பாலும் அதற்கு உணவு அல்ல. தாகத்தில் தவிக்கும் பாம்பு எந்த நீரைக் கண்டாலும் வாய் வைக்கும், அவ்வளவுதான். இன்னொன்று, அந்தப் புற்றைக் கட்டுவது கரையான். பாம்பு அங்கே குடிவந்த ஆள்!

அப்பாவிப் பாம்புகள்

அதிகமாகக் கெட்ட பேர் வாங்கியது கொம்பேறி மூக்கன். கடித்துவிட்டு மரத்தில் ஏறி, கடிபட்டவர் உடல் எரியும் புகையைப் பார்த்த பிறகுதான் இறங்கும் என்பார்கள். ஆனால் இதற்கு விஷமே இல்லை. மரத்தில் இருப்பது பல்லி, தவளை பிடிக்க. பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்பதும் அப்படித்தான். அதன் விஷம் மிக லேசானது, மனிதர்களுக்கு ஆபத்தில்லை.

'சாரையும் நாகமும் பின்னிக்கிட்டு நிக்குது' என்று வீடியோ வந்தால் நம்பாதீர்கள். பெரும்பாலும் அவை இரண்டுமே ஆண் சாரைகள், நடப்பது பலப்பரீட்சை. சாரையும் நாகமும் வேறு வேறு இனம், சேர்வதில்லை. பார்க்கப்போனால் சாரையை உணவாகத் தின்னும் நாகமும் உண்டு.

மண்ணுளிப் பாம்பின் கதை கொஞ்சம் சோகம். வால் மழுங்கலாக இருப்பதால் 'இருதலைப் பாம்பு' என்று பேர். அது நக்கினால் குஷ்டம் வரும் என்று ஒருபக்கம் பயம், வீட்டில் வைத்தால் செல்வம் கொட்டும் என்று மறுபக்கம் ஆசை. இந்த ஆசையைக் காட்டி லட்சக்கணக்கில் ஏமாற்றும் கும்பல்கள் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

உயிரை எடுக்கும் நம்பிக்கை எது?

பாம்பு கடித்ததும் பல ஊர்களில் முதலில் நடப்பது ருசி சோதனை. வேப்பிலையோ மிளகோ வாயில் கொடுப்பார்கள். கசந்தால், உறைத்தால் விஷம் ஏறவில்லை என்று அர்த்தமாம். இந்தச் சோதனைக்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை. விஷம் ஏறியவருக்கும் வேப்பிலை கசக்கும்.

கட்டுவிரியன் விஷயத்தில் இது ரொம்ப ஆபத்து. இரவில் தரையில் தூங்குபவர்களைத்தான் அது அதிகம் கடிக்கிறது. வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் தடம்கூடச் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, தொண்டைவலி என்பார்கள். பிறகு இமை தானாக மூடும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சு நிற்கும். 'வலிக்கலையே, எறும்பா இருக்கும்' என்று விட்டுவிட்டால் காலம் கடந்துவிடும்.

அப்படியானால் மந்திரித்துப் பிழைத்தவர்கள்? இருக்கிறார்கள். நம் ஊரில் காணப்படும் பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு விஷம் இல்லை. விஷப் பாம்பும் சிலசமயம் விஷத்தை இறக்காமலேயே கடிக்கும். இவர்களெல்லாம் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலும் பிழைத்திருப்பார்கள். பேர் மட்டும் மந்திரத்துக்கும் விஷக்கல்லுக்கும் போய்விடுகிறது.

ஆஸ்பத்திரியிலும் ஓர் எளிய சோதனை உண்டு. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையவில்லை என்றால் விரியன் விஷம் வேலை செய்கிறது என்று பொருள். கட்டுவிரியன், நாகம் என்றால் ரத்தம் உறைந்துவிடும் என்பதால் இமை, மூச்சு இரண்டையும் கவனிப்பார்கள்.

மருந்து எங்கிருந்து வருகிறது?

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் முறிக்க ஒரே மருந்துதான். இதற்கான விஷத்தை எடுத்துத் தருவதில் சென்னை அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக அறிவித்தது. அதாவது, அரசு, தனியார் என எந்த மருத்துவமனைக்கு வந்த கேஸாக இருந்தாலும் அரசுக்குத் தகவல் தர வேண்டும்.

கடித்தால் என்ன செய்யணும்?

கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், ரத்த ஓட்டம் நின்று கை, காலே போகலாம். கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசு, மெட்டி இருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து, நடக்கவிடாமல் கொண்டுபோங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப்போக வேண்டாம், நான்குக்கும் ஒரே மருந்து என்பதால் அது தேவையில்லை. 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு போகலாம்.

தரையில் படுக்கிற வீடுகளில் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள். கட்டுவிரியன் உள்ளே வராது, கொசுவும் வராது.