உள்ளடக்கிய கல்லூரித் திட்டங்கள் (அமெரிக்கா)

அறிவுசார் குறைபாடுடைய இளைஞர்கள் பொதுக் கல்லூரி வளாகத்தில் மற்ற மாணவர்களோடு சேர்ந்து பயில வழிசெய்யும் ஏற்பாடு. டவுன் நோய்க்கூட்டறிகுறி உள்ளவர்களும் இவர்களுள் அடங்குவர். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் 1987-லேயே இத்தகைய திட்டத்தைத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் இதற்குச் சட்ட வலு தந்தது 2008-ஆம் ஆண்டின் உயர்கல்வி வாய்ப்புச் சட்டம்.

அச்சட்டத்தின் முக்கியமான மாற்றம் பணம் பற்றியது. பள்ளியிறுதிச் சான்றிதழ் இல்லாதவரும், பட்டம் நோக்கிப் படிக்காதவரும், அரசு ஏற்பு பெற்ற திட்டத்தில் சேர்ந்தால் ‘பெல்’ எனப்படும் கூட்டரசு உதவித்தொகை பெறலாம். வளாகத்தில் வேலை செய்து ஊதியமும் பெறலாம். கல்விக் கடன் மட்டும் கிடையாது. மாணவரின் பங்கேற்பில் குறைந்தது பாதியாவது குறைபாடற்ற மாணவர்களுடன் அமைய வேண்டும் என்பது நிபந்தனை. இந்நிபந்தனை இல்லாவிட்டால் திட்டம் வளாகத்துக்குள் இன்னொரு சிறப்புப் பள்ளி என்ற அளவில் முடிந்திருக்கும்.

பலர் வழக்கமான வகுப்புகளில் தேர்வெழுதாப் பார்வையாளராக அமர்கின்றனர். உடன்பயிலும் மாணவர் வழித்துணையாகிறார். பேருந்து பிடிப்பது, சமைப்பது, செலவுக்கணக்கு எழுதுவது ஆகியவையும் பாடங்களே. சில கல்லூரிகளில் விடுதி வாழ்க்கையும் உண்டு. இறுதி நோக்கம் ஊதியமுள்ள வேலை.

2010-இல் இத்திட்டங்களுக்குக் கூட்டரசு மானியம் வழங்கப்படத் தொடங்கியது. பாஸ்டனிலுள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ‘திங்க் காலேஜ்’ மையம் இத்திட்டங்களை ஒருங்கிணைக்கிறது. பெரும்பாலான திட்டங்களின் முடிவில் கிடைப்பது பட்டமன்று, சான்றிதழ்.