சட்டகத்தின் விளிம்பு: கறுப்புப் பட்டைகள் பற்றி

‘இவ்ளோ காசு கொடுத்து வாங்கின டிவி, மேலயும் கீழயும் கறுப்பா கெடக்கே’ என்ற புலம்பலைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். படத்தில் ஏதோ குறைகிறது என்பது அதன் பொருள். நான் சொல்ல வருவது நேரெதிர். பட்டையோடு வரும் ஸ்கோப் படம்தான் முழுப்படம். திரையை நிறைத்துக்கொண்டு வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

எந்தச் செவ்வகமும் இயற்கையானதல்ல. எடிசனின் ஆய்வுக்கூடத்தில் டிக்சன் 1890களின் தொடக்கத்தில் 35 மி.மீ. பிலிமில் ஒரு பிம்பத்துக்கு நான்கு துளை என்று வைத்ததிலிருந்து வந்தது 4:3. ஒலிப்பட்டைக்கு இடம் ஒதுக்கிய பின் 1932இல் ஹாலிவுட் 1.37:1 என்று நிர்ணயித்தது. 1941இல் அமெரிக்கத் தொலைக்காட்சி 4:3ஐயே எடுத்துக்கொண்டது. அதுவரை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே உருவம்தான்.

பிரித்தது வியாபாரப் போட்டி. வீட்டிலேயே உட்கார்ந்துவிட்ட கூட்டத்தைத் தியேட்டருக்கு இழுக்க, பெட்டிக்குள் அடங்காத ஒன்று தேவைப்பட்டது. பிரான்சின் ஆன்ரி கிரெத்தியன் உருவாக்கிய லென்ஸ் முறையை வாங்கி, 1953இல் ஃபாக்ஸ் நிறுவனம் ‘தி ரோப்’ படத்தை சினிமாஸ்கோப்பில் வெளியிட்டது. பிலிமில் அகலத்தை நெருக்கிப் பதித்து, திரையில் விரிக்கும் முறை அது. தமிழில் அது 1973இல் ‘ராஜராஜ சோழன்’ வழியாக வந்தது.

பிறகு அதே படங்களை, எந்தப் பெட்டிக்கு எதிராக அகலமாக்கினார்களோ அதற்கே விற்றார்கள். 1961இல் ‘ஹவ் டு மேரி எ மில்லியனர்’ அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது. 2.35:1 படத்தை 4:3 பெட்டி முழுக்க நிரப்பினால் சுமார் 43 விழுக்காடு வெளியே போய்விடும். எது உள்ளே, எது வெளியே என்று முடிவு செய்தவர் பெரும்பாலும் இயக்குநர் அல்ல. மாற்றுப்பதிவு அறையில் இருந்த தொழில்நுட்பர். இரண்டு ஓரங்களில் நின்று இருவர் பேசினால், ஒருத்தர் காணாமல் போவார். டென்மார்க் தொலைக்காட்சி தன் ‘த்ரீ டேஸ் ஆஃப் த காண்டர்’ படத்தை இப்படிக் கத்தரித்ததற்கு எதிராக சிட்னி போலாக் நீதிமன்றம் போனார். 1997 தீர்ப்பு அதைப் படைப்பின் சிதைப்பு என்று ஏற்றது. ஆனாலும் வழக்கில் அவர் தோற்றார்.

இன்றைய 16:9 எங்கிருந்து வந்தது? 1980களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர், புழக்கத்தில் இருந்த வடிவங்களை ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் அடக்கும் வெளிச் செவ்வகமும், எல்லாவற்றுக்கும் பொதுவான உள்செவ்வகமும் 1.77 என்ற ஒரே விகிதத்தில் அமைந்தன. ஆக இது சினிமாவின் வடிவமல்ல, ஒரு சமரசம். ஸ்கோப் படத்துக்கு மேலும் கீழுமாகத் திரையில் 24 விழுக்காடு கறுப்பு. பழைய 4:3 படத்துக்குப் பக்கவாட்டில் 25. பட்டை கோளாறல்ல, இந்தப் பங்கீட்டின் கணக்கு.

நிரப்பும் வெறி மட்டும் திசை மாறித் தொடர்கிறது. 2019இல் டிஸ்னி பிளஸ், 4:3இல் உருவான ‘சிம்ப்சன்ஸ்’ தொடரின் மேலையும் கீழையும் வெட்டி வெளியிட்டது. ஓரத்தில் வரைந்திருந்த நகைச்சுவைகள் தொலைந்தன. ரசிகர்கள் சத்தம் போட்டார்கள். 2020இல் மூல வடிவம் திரும்பி வந்தது.

நம் பழைய கறுப்புவெள்ளைப் படங்களைப் பக்கவாட்டில் இழுத்து, முகங்களை வீங்க வைத்து ஒளிபரப்பும்போது இங்கே யாரும் வாய் திறப்பதில்லை. வசனத்தில் ஒரு வரி வெட்டப்பட்டால் தணிக்கை என்று கொதிக்கிறோம். சட்டகத்தில் கால்வாசி வெட்டப்பட்டால் ‘படம் பெருசா தெரியுது’ என்கிறோம். இரண்டாவதையும் முதலாவதன் பெயராலேயே அழைக்கப் பழக வேண்டும்.