மழைக்காலத்துல மலைச் சைக்கிளை எங்க ஓட்டலாம்? பதில் ஏரிக்கரை வரலாற்றுல இருக்கு

1/ மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில தடிமனான டயர் போட்ட சைக்கிள்கள் இப்ப நிறைய கண்ணுல படுது. சுகர், பிபி, தொப்பை எல்லாத்துக்கும் நல்லது. தாராளமா ஓட்டுங்க. ஆனா ஐப்பசி பிறந்ததும் ஒரு கேள்வி வந்துடும்: "மழையில எந்தப் பாதை சார் நல்லது?"

2/ சுருக்கமான பதில்: செம்மண் சரளை மேடு சரி. கடலோர மணல் சரி. ஏரிக்கரை கூடாது. இந்த மூணாவது தான் முக்கியம். ஏன் கூடாதுன்னு புரியணும்னா ஆயிரம் வருஷக் கதையைக் கொஞ்சம் பார்க்கணும். டீ எடுத்துக்கிட்டு வாங்க.

3/ முதல்ல இந்த விளையாட்டு பிறந்த இடம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டமால்பாய்ஸ் மலை. 1970களில் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களைப் பிரித்து மாட்டி மலைப்பாதையில் இறக்கினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று முதல் 'ரீபேக்' பந்தயம். இறக்கத்தில் பிரேக் சூடாகி உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும், மறுபடி கிரீஸ் அடைக்கணும். அதனால் தான் அந்தப் பெயர்.

4/ அந்த ஊருக்கும் நம்ம ஊருக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டு இடத்திலும் குளிர்காலம் தான் மழைக்காலம். ஓட்ட இதமான மாதங்களும் பாதை கெடும் மாதங்களும் ஒண்ணே. 1988ல் அங்கே சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் உருவானது. அவங்க விதிகளின் சாரம்: ஈரப் பாதையில் உன் டயர் தடம் ஆழமாகப் பதிந்தால் அது உனக்கான பாதை இல்லை, திரும்பிப் போ.

5/ அங்கே தடம் பதிந்தால் கெடுவது பாதை. அடுத்த வாரம் வருகிறவனுக்குக் கொஞ்சம் கஷ்டம், அவ்வளவு தான். நம்ம ஊர்ல கதை வேற. இங்கே நாம 'ட்ரெயில்'னு நினைத்து ஏறும் பாதைகளில் பாதி பாதையே இல்லை. அது ஏரிக்கரை. ஒரு ஊரின் ஒரு வருஷத் தண்ணீரைத் தாங்கிப் பிடித்திருக்கும் மண் சுவர்.

6/ பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம்னே சொல்வாங்க. காரணம் நிலம். வருஷம் முழுக்க ஓடும் பெரிய ஆறு கிடையாது. பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டும் மழையைப் பிடித்து வைத்தால் தான் நெல். சரிவில் குறுக்கே மண்கரை போட்டு, ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும்படி சங்கிலியாகக் கட்டினார்கள்.

7/ இது பல்லவர் காலத்திலேயே நன்றாக வளர்ந்த தொழில்நுட்பம். ஏழாம் நூற்றாண்டின் முதலாம் மகேந்திரவர்மன் பெயரில் மகேந்திரவாடியில் ஒரு ஏரியே இருந்தது. சோழர் காலத்துக்கு வந்தால் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. குடவோலைத் தேர்தல்னு பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே தான்.

8/ பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்ட ஒரு விஷயம்: அந்தத் தேர்தல் எதுக்கு? வாரியங்களுக்கு. சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. ஏரியைக் கவனிக்கத் தனிக் குழு, அதுக்குத் தேர்தல், அதுக்குத் தணிக்கை. கரை அவ்வளவு முக்கியம்.

9/ ஆனா இதை வெறும் பெருமையாகப் பேசி நகர முடியாது. அது பிராமணர்களின் சபை. சொந்த நிலமும் வேதக் கல்வியும் இருந்தவர் தான் ஓலையில் பெயர் எழுத முடியும். முடிவு எடுத்தவர் ஒருத்தர், கூடையில் மண் சுமந்தவர் வேறொருத்தர். இதை மனசுல வச்சுக்கங்க. கடைசியில் தேவைப்படும்.

10/ 1763ல் ஆற்காடு நவாப் இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் இங்குள்ள சுமார் 2,000 கிராமங்களைக் கணக்கெடுத்தார். அறுவடையில் கோயிலுக்கு, கணக்கனுக்கு, கொல்லனுக்கு, வெட்டியானுக்குன்னு பங்கு பிரிப்பது மாதிரி ஏரிக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருந்தார்கள். அதாவது கரையும் ஊரில் ஒரு ஆள் மாதிரி. அதுக்கும் சோறு போட்டார்கள்.

11/ 1780ல் ஹைதர் அலி படையெடுப்பு. ஊர்கள் காலி. பார்க்க ஆளில்லாத கரைகள் உடைந்தன. பிறகு 1790களில் ஜாகீர் கலெக்டராக வந்தவர் லயோனல் பிளேஸ். வரி வேணும்னா நெல் வேணும், நெல் வேணும்னா ஏரி வேணும் என்று புரிந்துகொண்டு கரைகளைச் சரிசெய்யும் வேலையில் இறங்கினார்.

12/ அவர் பெயரைத் தாங்கிய கதை ஒண்ணு மதுராந்தகத்தில் இருக்கு. வருஷா வருஷம் ஏரிக்கரை உடையுமாம். 1798ல் ஒரு கனமழை இரவு, கரை தாங்குமான்னு பார்க்க பிளேஸ் போனார். வில்லேந்திய இரண்டு பேர் கரையில் காவல் நின்றதைக் கண்டார். கரை உடையவில்லை. அதனால் அந்தச் சாமி 'ஏரி காத்த ராமர்'. தாயார் சன்னதி கட்ட அவர் உதவியதாக ஊர் சொல்கிறது. அவர் பெயர் பொறித்த கல்வெட்டு கோயிலில் இன்னும் உண்டு.

13/ நம்புவதும் நம்பாததும் உங்க இஷ்டம். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது ஒரு விவரம்: மழை இரவில் கரை மேல் யார் இருக்கணும்? காவல்காரர். சாமியாகவே இருந்தாலும் அங்கே அவர் பார்ப்பது காவல் வேலை தான்.

14/ அடுத்தது 1858. சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம். ஏரி உடையும் ஆபத்து வந்தால் ஊர்த்தலைவர் உடல் வலுவுள்ள ஆண்களைக் கூப்பிட்டு அடைப்பு வேலையில் இறக்கலாம். எல்லா ஆண்களையும் அல்ல, உழைக்கும் வகுப்பைச் சேர்ந்தவர்களை மட்டும். மறுத்தால் தண்டனை. குடிமராமத்து என்று நாம் அன்பாகச் சொல்லும் வழக்கத்துக்குள் இந்தக் கட்டாயமும் இருந்தது. நடுராத்திரி மழையில் இடுப்பளவு தண்ணியில் நின்று கரையைக் காப்பாற்றியவர்களுக்கு, அந்தத் தண்ணியில் விளைந்த நிலத்தில் பெரும்பாலும் சொந்தம் இல்லை.

15/ 2017 மார்ச்சில் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மறுபடி தொடங்கியது. தொடங்கிய இடம் நம்ம தாம்பரத்துக்குப் பக்கத்து மணிமங்கலம் ஏரி. பல்லவ நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியைத் தோற்கடித்த போர்களில் ஒண்ணு நடந்த அதே மணிமங்கலம் தான்.

16/ சரி, சைக்கிளுக்கு வருவோம். ஒரு டயர் என்ன செஞ்சிடும்? மண்கரையின் எதிரி பெரிய அலை மட்டும் இல்லை, சின்னப் பள்ளமும் தான். ஊறிய கரை மேல் டயர் போனால் ஒரு கோடு விழும். பத்து பேர் போனால் அது வாய்க்கால். அடுத்த மழையில் தண்ணீர் அந்தக் கோட்டில் நின்று ஊறும், பிறகு வெளிச்சரிவில் வழிந்து மண்ணை அரிக்கும். கரையில் எந்த இடம் தாழ்வோ, ஏரி நிரம்பி வழியும்போது மொத்தத் தண்ணீரும் அங்கே தான் பாயும்.

17/ 2015 டிசம்பர் 1 யாருக்கும் மறந்திருக்காது. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. அந்தப் பருவத்தில் பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் பல ஏரிகள் உடைந்தன. சைக்கிள் டயரால் உடைந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒரு மழை வரும்போது கரையில் ஒரு அங்குலம் கூட வீணாகக் குறைந்திருக்கக் கூடாது என்கிறேன். கரைக்குக் கீழே முன்பு வயல் இருந்தது. இன்றைக்கு அங்கே வீடுகள்.

18/ இப்ப எங்க ஓட்டலாம்னு பார்ப்போம். ஒண்ணு, செம்மண் சரளை. நாம 'கிராவல்'னு சொல்வது. மழை விட்ட கொஞ்ச நேரத்தில் தண்ணியைக் கீழே இறக்கிடும், டயரும் வழுக்காது. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் தான் கற்காலக் கருவியை எடுத்தார். இந்தியாவின் ஆதிமனித வரலாற்று ஆய்வே அங்கிருந்து தான் வேகம் எடுத்தது. அவ்வளவு பழைய, இறுகிய மண். மேட்டு நிலத்து வண்டிப்பாதைகளில் கிராவல் தெரிந்தால் ஓட்டுங்க.

19/ ரெண்டு எச்சரிக்கை. மலைகளில் பல பகுதி காப்புக்காடு. 1882 வனச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கு, அனுமதி இல்லாமல் நுழைந்தால் குற்றம். அடுத்து, கைவிட்ட கல்குவாரிகள். மழையில் விளிம்பு சரியும், உள்ளே ஆழம் தெரியாது. குவாரி ஓரம் வேண்டவே வேண்டாம்.

20/ இரண்டாவது, கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை கடலோர மணல். வெயிலில் டயர் புதையும் மணல், மழை நனைத்த பிறகு இறுகிப் போகும். புயல் எச்சரிக்கை இருந்தால் கடற்கரைப் பக்கமே போகாதீங்க. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிடும் காலம், மேல்மணலில் ஏறாமல் ஈர ஓரத்தில் பகலில் மட்டும் ஓட்டுங்க. வீடு வந்ததும் செயினை நல்ல தண்ணியில் கழுவி எண்ணெய் போடுங்க, இல்லன்னா உப்பு தின்னுடும்.

21/ மூணாவது ஏரி: கரை மட்டும் இல்லை, உள்வாய்க் களிமண்ணும் வேண்டாம். இது டாக்டராகச் சொல்வது. மாடும் எலியும் புழங்கும் சேறு அது. 2007ல் கனடாவில் ஒரு சேற்றுப் பந்தயம் முடிந்ததும் 200க்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்களுக்கு வயிற்றுப்போக்கு. முன்சக்கரம் வாரியடித்த சேறு வாய்க்குள் போய் கேம்பிலோபேக்டர் கிருமி தொற்றியது. தண்ணி பாட்டில் மூடியையும் மறக்காதீங்க, சேறு அங்கேயும் ஒட்டும்.

22/ இன்னொண்ணு எலிக்காய்ச்சல், லெப்டோஸ்பைரோசிஸ். எலி, மாடு சிறுநீர் கலந்த தண்ணீரில் இருக்கும் கிருமி சின்னச் சிராய்ப்பு வழியாகவே உள்ளே போகும். சேற்றில் ஓட்டிய பிறகு பொதுவாக ஒண்ணு ரெண்டு வாரத்தில், சில நேரம் ஒரு மாசம் வரை கூட, காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் "வைரல் தான்"னு மெடிக்கல் ஷாப்போட நிக்காதீங்க. கண் மஞ்சள், சிறுநீர் குறைவு என்றால் உடனே அரசு மருத்துவமனைக்கு வாங்க. சேற்றில் இறங்கியதைச் சொல்லுங்க. அந்த ஒரு வரி எங்களுக்குப் பாதி வேலையை முடிச்சுக் குடுக்கும்.

23/ புதர் ஓரம் ஓட்டினால் குளிர் மாதங்களில் ஸ்க்ரப் டைஃபஸும் உண்டு. காய்ச்சலோடு அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்ட மாதிரி கருப்புப் பொருக்கு இருக்கான்னு பாருங்க. வலிக்காது, தேடினால் தான் தெரியும். சீக்கிரம் வந்தால் விலை குறைந்த மாத்திரையிலேயே குணமாகும்.

24/ ஆக, மழைக்கால விதி: மழை விட்ட மறுநாள் கடலோர மணல் அல்லது தார் ரோடு. ரெண்டு மூணு நாள் வெயில் அடித்ததும் கிராவல் மேடு. பாதையில் கட்டைவிரலை அழுத்துங்க, விரல் புதைந்தால் திரும்பிடுங்க. ஏரிக்கரைக்குத் தை பிறந்து கரை நன்றாகக் காயட்டும். அப்போதும் ஊர்க்காரங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க.

25/ கொளவாய் ஏரிக்கரையில் நின்று சூரிய உதயம் பார்ப்பது அழகு தான். மழைக்காலத்தில் சைக்கிளைக் கீழே நிறுத்திட்டு, நடந்து போய்ப் பாருங்க. அந்த மண்ணில் ஒவ்வொரு கூடையும் ஒருத்தர் தலையில் ஏறி வந்தது. அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் கட்டிய கரை மட்டும் இன்னும் நமக்காக நிற்கிறது.

உங்க சைக்கிள் குரூப்பில் இதைப் பகிருங்க.