பிழை வந்தால் யாருக்குச் சொல்வது?

கணினி மொழிகளைப் பற்றிய பேச்சா என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம் நேயர்களே. இதில் நான்கு கனடியர்கள் வருகிறார்கள். ஒருவர் எங்கள் ரொறன்ரோவிலேயே பிறந்தவர். வெக்ஸ்போர்ட் பக்கம் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கும் இது உதவும்.

நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது தேடிய கோப்பு இல்லை, அல்லது ஓர் எண் அதற்குரிய இடத்தில் அடங்கவில்லை. இந்தச் செய்தியை யாரிடம், எப்படிச் சொல்வது? அறுபது ஆண்டுகளாக இதில் ஒற்றுமை இல்லை.

டெனிஸ் ரிச்சி உருவாக்கிய சீ மொழிக்கு 1978 இல் அவரோடு சேர்ந்து நூல் எழுதியவர் பிறயன் கேர்னிகன். 1942 இல் ரொறன்ரோவில் பிறந்து இங்குள்ள பல்கலைக்கழகத்தில் படித்தவர். சீயில் பிழைக்கென்று தனி ஏற்பாடு கிடையாது. வேலை சரிவராவிட்டால் பெரும்பாலும் -1 போன்ற ஓர் எண் திரும்பி வரும். சாதாரணத் தபால் மாதிரி, பிரிக்காமலே குப்பையில் போடலாம்.

1995 இல் சன் நிறுவனம் வெளியிட்ட ஜாவா, அதைப் பதிவுத் தபாலாக்கியது. அதை வடிவமைத்த ஜேம்ஸ் கோஸ்லிங் கல்கரிக்காரர். பிழையைத் தனி வழியில் மேலே அனுப்பும் 'எக்செப்ஷன்' முறை அவருக்கு முன்னரே இருந்தது. அவர் சேர்த்தது கட்டாயம். சிலவகைப் பிழைகளை அங்கேயே பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் என்னை அழைத்தவரிடம் அனுப்புகிறேன் என்று எழுதிவைக்கவேண்டும். இரண்டும் இல்லையென்றால் கொம்பைலர் நிரலை ஏற்காது.

தொண்ணூறுகளின் கடைசியில் மாலை வகுப்புக்குப் போய் ஜாவா படித்த எங்களில் பலருக்கு இது நல்ல ஒழுங்காகவே பட்டது. பிறகு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் சம்பளக் கணக்கு ஏன் பிழைக்கிறதென்று மூன்று நாள் தேடினோம். யாரோ எக்செப்ஷனைப் பிடித்து, அடைப்புக்குள் ஒன்றுமே எழுதாமல் மூடியிருந்தார். கையெழுத்து வைத்து வாங்கிய கடிதம், பிரிக்காமலே கிடந்தது. கட்டாயம் கூடினால் மனிதர் ஒப்புக்குச் செய்வார்கள் என்பது என் எண்ணம்.

பிழையைச் சொன்னால் மட்டும் போதாது என்பதற்கு 1996 ஜூன் 4 சாட்சி. அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து முதன்முறையாக ஏவப்பட்ட ஏரியான் 5 ரொக்கட், 40 செக்கனுக்குள் வெடித்துச் சிதறியது. வழிகாட்டும் கணினியின் நிரல் ஏடா மொழியில் எழுதப்பட்டு, பழைய ஏரியான் 4 இலிருந்து எடுக்கப்பட்டது. 64 பிற் எண்ணொன்று 16 பிற் இடத்தில் அடங்கவில்லை. எக்செப்ஷன் ஒழுங்காகவே எழுந்தது. அதை ஏற்க அங்கே யாருமில்லை, ஆகவே கணினி தன்னை நிறுத்திக்கொண்டது. மாற்றுக் கணினியிலும் அதே நிரல்தான். அதுவும் அதே காரணத்தால் சற்று முன்னரே நின்றுபோயிருந்தது. இதில் வயிறெரிய வைப்பது, பறக்கத் தொடங்கிய பின் அந்தக் கணக்கே தேவையில்லை என்பதுதான்.

2009 இல் கூகிள் அறிவித்த கோ மொழியை வடிவமைத்த மூவரில் ஒருவரான ரொப் பைக் கனடியர், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவர்கள் கிட்டத்தட்ட சீயின் வழிக்கே திரும்பினார்கள். விடையோடு பிழையும் பக்கத்தில் வரும், பார்த்துக்கொள்ளவேண்டியது நீங்கள்.

வன்கூவரைச் சேர்ந்த கிரேடன் ஹோர் 2006 இல் தொடங்கிய றஸ்ற் மொழி, 2015 இல் முதல் நிலையான பதிப்பைக் கண்டது. அதில் விடையோ பிழையோ ஒரே உறைக்குள் வரும். உறையைப் பிரிக்காமல் விடையை எடுக்க முடியாது. 'பிழையென்றால் நிரல் நிற்கட்டும்' என்று விடவும் வழியுண்டு, ஆனால் அதற்கு 'அன்ராப்' என்ற சொல்லை எழுதவேண்டும். பிறகு வருபவர் அந்தச் சொல்லைத் தேடினால், எங்கெங்கே துணிந்து விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.